கொல்லத்துக்குப் போன அமீர் ஜான்

என் வீட்டுக்காரருக்கு வராத வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: வேண்டாம். பந்தை எப்படி உதைத்து அனுப்பினாலும் காலாலேயே அடக்கி நிறுத்திவிடுவார். மனிதர்களைத்தான் நிறுத்தத் தெரியாது. எங்கள் நிக்காஹ் அன்று என் பெரியம்மா பிரியாணியை நான்காம் முறை கொண்டுவந்து வைத்தபோதும் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். மறுநாள் முழுக்க ஓமத் தண்ணீரும் கையுமாகக் கிடந்தார். மாப்பிள்ளை தங்கமானவர் என்று எல்லாரும் சொன்னார்கள். தங்கத்தைக் கட்டிக்கொண்டு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அமீர் ஜான் என்றால் அன்றைக்குச் செஞ்சியில் தெரியாதவர் கிடையாது. கடைத்தெருவில் வாடகைச் சைக்கிள் கடை. காலையில் பஞ்சர் ஒட்டுவார், சாயங்காலம் கோட்டைக்குப் போகிற வழியில் இருக்கும் மைதானத்தில் பந்து ஆடுவார். வலது ஓரத்தில் பந்தோடு கிளம்பினால் அவரைப் பிடிக்க ஆள் இல்லை என்பார்கள். நான் பார்த்ததில்லை. பெண்கள் மைதானத்துக்குப் போகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. அவருடைய ஆட்டம் முழங்கால் சிராய்ப்பாகவும் சேற்றுத் துணியாகவும்தான் என்னிடம் வந்து சேரும்.

அந்த வருஷம் மெட்ராஸ் மாநில அணிக்கு அவரை எடுத்தார்கள். சந்தோஷ் கோப்பை. நாட்டில் உள்ள மாநிலங்கள் எல்லாம் மோதிக்கொள்கிற கோப்பை, கேரளத்தில் கொல்லத்தில் நடக்க இருந்தது. மெட்ராஸில் பயிற்சி முடித்துவிட்டு, சொல்லிக்கொண்டு போக இரண்டு நாள் ஊருக்கு வந்தார். அணி எழும்பூரில் கொல்லம் மெயில் ஏறும். இவர் திண்டிவனத்தில் அதே பெட்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். டிக்கெட் மேனேஜர் கையில். இவர் செய்ய வேண்டியதெல்லாம் ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனம் போவதுதான். சின்னப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

கோப்பையில் நன்றாக ஆடியவர்களை ரயில்வேயும் போலீஸும் கூப்பிட்டு வேலை கொடுக்கும் என்று சொல்லியிருந்தார். அவருக்கு வயது இருபத்தேழு. அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள் என்று யாரும் எழுதித் தரவில்லை. இந்த ஒரு தடவைதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனால் ஊரில் கோதண்டராமன் இருந்தார். மல்லாட்டை மண்டிக்காரர். வேர்க்கடலை மூட்டை ஏற்றுகிற லாரி எல்லாம் அவர் வாசலில்தான் நிற்கும். செஞ்சிக் கோட்டைக் கால்பந்துக் கழகத்துக்கு அவர்தான் தலைவர். நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு ஆடுவதைப் பார்த்து முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர். குறை என்று சொன்னால் ஒன்றுதான், மைக்கைக் கண்டால் விடமாட்டார். "ரெண்டே ரெண்டு வார்த்தை" என்று ஆரம்பிப்பார். அந்த இரண்டு வார்த்தை முடிவதற்குள் ஓர் உலை அரிசி வெந்து, வடித்து, ஆறியும் போய்விடும்.

"நம்ம ஊரு ஆளு அகில இந்தியாவுக்கு ஆடப் போறான். சும்மா பஸ் ஏத்தி வுட்டா நல்லாயிருக்குமா? பாராட்டு விழா வெச்சித்தான் அனுப்பணும்" என்று கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்றேன் நான்.

"பூட்ஸ் வாங்கிக் குடுத்தவரு ஜாஹிதா. எப்படிச் சொல்றது?"

பள்ளிக்கூடத்து மைதானத்தில் நாலு மணிக்கு விழா என்றார்கள். மைக் செட்காரன் வந்து சேர ஐந்து ஆனது. பெண்களுக்கென்று தாழ்வாரத்தில் படுதா கட்டியிருந்தார்கள். அவருடைய டிரங்குப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கிழிசல் வழியாகப் பார்த்தால் இடது பக்கம் மேடை, வலது பக்கம் பஸ் ஸ்டாண்டு. ரொம்ப வசதியான இடம். பதற்றப்படுவதற்கு அதைவிட நல்ல இடம் செஞ்சியில் கிடைக்காது.

தலைமை ஆசிரியர் எழுந்து கோப்பையின் வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தார். கிழக்கு வங்காளத்தில் சந்தோஷ் என்று ஓர் ஊர், அதற்கு ஒரு ராஜா, அவர் பெயரில் கோப்பை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றில் முதல் போட்டி, வங்காளம் ஜெயித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தொன்றிலிருந்து புறப்பட்டு இந்த மனிதர் எப்போது எங்கள் வருஷத்துக்கு வந்து சேர்வார்? டில்லி வாங்கியது. மைசூர் வாங்கியது. மறுபடி வங்காளம். அப்போதெல்லாம் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் ஆடுவார்களாம். பின்லாந்துக் குளிரில் ஒலிம்பிக்கில் போய் ஆடி, பத்து கோல் வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் எல்லாரும் பூட்ஸ் போட வேண்டும் என்று வந்ததாம். பூட்ஸ் என்றதும் கோதண்டராமன் குறுக்கே எழுந்து, நம் அமீருக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தது யார் என்பதைத் தாமே ஊருக்கு நினைவுபடுத்தினார். கைதட்டல் அடங்க நேரமானது. கிழிசல் வழியாகப் பார்த்தேன். பஸ் வந்து நின்றுவிட்டது. நாங்கள் இன்னும் ஐம்பத்திரண்டில்தான் இருந்தோம்.

மேடையில் என் வீட்டுக்காரர் மாலைக்குள் உட்கார்ந்திருந்தார். ராஜா தேசிங்கு போருக்குப் போன அன்றுகூட அத்தனை மாலை விழுந்திருக்காது. மூக்குவரை பூ ஏறியிருந்தது, கண் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் கண் பஸ்ஸைப் பார்க்கும், பேசுகிறவரைப் பார்க்கும், மறுபடி பஸ்ஸைப் பார்க்கும். எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வர வேண்டியதுதான். ஒவ்வொருவர் பேசி முடிக்கும்போதும் எழப் போனார். அடுத்தவர் தோளைத் தொட்டதும் உட்கார்ந்துவிட்டார்.

ஐதராபாத் அடுத்தடுத்து இரண்டு வருஷம் கோப்பை வாங்கி முடித்த நேரத்தில் கண்டக்டர் வீராசாமி மேடைக்கு வந்து கோதண்டராமன் காதில் ஏதோ சொன்னார். கோதண்டராமன் மைக்கிலேயே பதில் சொன்னார்.

"வீராசாமி! நம்ம ஊரு வீரன் இல்லாம பஸ்ஸு போயிடுமா? பத்து நிமிஷம் நிறுத்து!"

ஒரே ஆரவாரம். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களும் இறங்கி வந்து கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள், டிரைவர் உட்பட. படுதாவைத் தள்ளிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் மேடை. கால் எழவில்லை. அத்தனை ஆண்களுக்கு நடுவே எங்கள் தெருப் பெண் ஒருத்தி போய் நின்றாள் என்று அதுவரை கதையே கிடையாது. அவரை மாலை கட்டிப்போட்டது, என்னைப் படுதா கட்டிப்போட்டது. தலைமை ஆசிரியர் ரயில்வே அணி ஜெயித்ததைச் சொன்னார். மெட்ராஸ் இதுவரை ஒரு தடவைகூட வாங்கியதில்லை என்றார். "இந்த வருஷம் வாங்கும்!" என்று கோதண்டராமன் கத்தினார். பிறகு அவருடைய இரண்டு வார்த்தை ஆரம்பித்தது.

இருட்டிய பிறகு மேளம் அடித்து அவரை பஸ் ஏற்றினார்கள். சன்னல் வழியாக எல்லாருக்கும் கை காட்டினார். அந்த முகத்தில் இருந்த பயம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

விடிகிற நேரம், ஆண்கள் எல்லாம் பள்ளிவாசலில் இருந்தார்கள். இந்நேரம் அவர் மதுரையைத் தாண்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பாத்திரம் கழுவப் போனேன். கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அவர். முழங்கால்வரை சேறு, தலையில் டிரங்குப் பெட்டி.

"ரயில் போயிடுச்சி" என்றார்.

பஸ் ஸ்டேஷன் வாசலில் நின்றபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்ததாம். ஓடியிருக்கிறார். கடைசிப் பெட்டிக் கதவில் நின்றுகொண்டு கூட ஆடுகிற பையன்கள் கையை நீட்டியிருக்கிறார்கள். "கால்ல பந்து இருந்திருந்தா புடிச்சிருப்பேன் ஜாஹிதா. கையில பெட்டி" என்றார். ஒரு லாரியைப் பிடித்துத் தொண்டூர் கூட்டுரோடு வரை வந்து, யார் கண்ணிலும் படாமல் இருக்க அங்கிருந்து வயல் வழியாகவே நடந்து வந்திருக்கிறார்.

"இன்னைக்கு ராத்திரி அதே ரயில் இருக்குதில்ல? போங்க" என்றேன்.

"எங்க போறது? ஊரே மேளம் அடிச்சி அனுப்பிச்சி. பஸ் ஸ்டாண்டுல நின்னா இன்னான்னு கேப்பாங்க. ரயில வுட்டுட்டேன்னா ஏன் வுட்டேன்னு கேப்பாங்க. கோதண்டராமன் அண்ணன் பேச்சாலதான் வுட்டேன்னு சொல்ல முடியுமா? அந்த மனுஷன் உசுர வுட்டுடுவாரு." பெட்டியை இறக்கி வைத்தார். "அங்க இந்நேரம் வேற ஆள போட்டிருப்பாங்க. போட்டி முடியற வரைக்கும் உள்ளயே இருந்துட்டு, அப்புறம் கொல்லத்துலருந்து வந்த மாதிரி வந்துடறேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த சொம்பை எறிந்திருப்பேன். சத்தம் கேட்கும் என்று எறியவில்லை. அந்த நிமிஷத்திலிருந்தே எங்கள் வீட்டில் சத்தம் கூடாது என்றாகிவிட்டது.

கூடத்துக்குப் பின்னால் பழைய டயரும் ட்யூபும் போட்டுவைக்கிற அறை ஒன்று இருந்தது. சன்னல் கிடையாது, மேலே ஒரு கை நுழைகிற ஓட்டை. அதற்குள் போய் உட்கார்ந்தார். எங்கள் பக்கத்தில் பெண்கள் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள்ளேயே கோஷா இருந்து கேள்விப்பட்டிருக்கிறேன். ஆண் கோஷா இருந்தது என் வீட்டில்தான். இருமல் வந்தால் தலையணையில் வாயை அழுத்திக்கொள்வார். கொல்லைக்குப் போக வேண்டும் என்றால் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசல் எங்கள் தெருமுனையில்தான். பாங்கு முடியும்வரை கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "ஜும்மாவ வுட்டதே இல்ல ஜாஹிதா" என்றார். அல்லாவுக்குத் தெரியும் என்று சொன்னேன். வேறு யாருக்கும் தெரியக்கூடாது என்பதுதான் எங்கள் பாடு.

சும்மா உட்கார அவர் காலுக்குத் தெரியாது. எலுமிச்சம்பழம் ஒன்றை டயர்களுக்கு நடுவே உருட்டி உருட்டி ஆடிக்கொண்டிருப்பார். அது சுவரில் போய் முட்டும். பக்கத்து வீட்டு மெஹபூப் பீ அக்காவுக்குப் பாம்புக் காது.

"இன்னாடி, உள்ள இன்னாமோ உருளுது?"

"எலி, அக்கா."

பதில் சொன்னதோடு முடிந்தது என்று நினைத்தேன். சாயங்காலம் அக்கா தன் பூனையைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். அந்தச் சனியன் டயர் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டு கதவையே பார்த்து மியாவ் மியாவ் என்றது. துரத்தினால் திரும்பி வரும். ஊரில் யாருக்கும் தெரியாத ரகசியம் அந்தப் பூனைக்குத் தெரிந்துபோனது.

அடுத்தது சோறு. ஒருநாள் நான் வடித்துக்கொண்டிருக்கும்போது அக்கா வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஒண்டி ஆளுக்கு இவ்ளோ சோறா?"

"பசிக்குது அக்கா" என்றேன். வேறு என்ன சொல்வது?

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். கண் விரிந்தது. கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்துவிட்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஒரு வீட்டிலிருந்து மாங்காய் வந்தது, இன்னொரு வீட்டிலிருந்து புளிச்சோறு வந்தது. கல்யாணமாகி நாலு வருஷமாக "விசேஷம் உண்டா" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன தெரு, பதிலைத் தானே கண்டுபிடித்துக்கொண்டது. இல்லை என்று சொன்னால், அப்புறம் அந்தச் சோறு யாருக்கு என்ற கேள்வி வரும். தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்கள் போன பிறகு அறைக்குள் போய் அவர் தோளில் சாய்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். அழுகையைக்கூட விழுங்கித்தான் ஆக வேண்டும், சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருக்கிறாள்.

அவரை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல், பந்தைப் பற்றிப் பேசச் சொன்னேன். அதுவரை நான் கேட்டதே இல்லை. கிசுகிசு என்று காதோரம் சொன்னார். வெறுங்காலோடு ஆடிய காலத்தில் பெருவிரலை மட்டும் துணியால் சுற்றிக்கொள்வார்களாம். மழையில் பந்து ஊறிக் கல்லாகிவிடுமாம், தலையால் முட்டினால் ராத்திரி முழுக்க வலிக்குமாம். பூட்ஸ் வந்ததும் பழைய ஆட்டக்காரர்கள் பலருக்குக் கால் மரத்துப்போனது போல ஆகிவிட்டதாம், பந்து எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லையாம். மெட்ராஸ் பயிற்சி முகாமில் ஒரு பெரியவர் இதையெல்லாம் சொன்னாராம். "அத்தினி பேரு ஆடின கோப்பை. நான் அதுகிட்ட போய் நிக்கறதுக்குக்கூட இல்லாம போயிட்டேன்" என்று சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பேப்பரில் மெட்ராஸ் ஆடிய முதல் ஆட்டம் வந்தது. ஆடியவர்கள் பெயரில் அமீர் ஜான் இல்லை. டீக்கடையே கொதித்ததாம். கோதண்டராமன் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"மெட்ராஸ்காரனுங்க பாலிடிக்ஸ் பண்றானுங்க, பாயம்மா! நம்ம புள்ளைய கூட்டிகினு போயி ஒக்கார வெச்சிருக்கானுங்க. நீங்க கவலைப்படாதீங்க. மேனேஜருக்குத் தந்தி அடிச்சிட்டேன். ஏன்டா எங்க அமீரை எறக்கலன்னு கேட்டிருக்கேன்!"

அவர் போனதும் அறைக்கு ஓடினேன். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"இப்பவே வெளிய வாங்க. பதில் வந்தா மானம் போயிடும்."

"நாளைக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு தெருவில் கூட்டமாகக் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். கோதண்டராமன் நின்றார், கையில் தந்தி. பின்னால் தலைமை ஆசிரியர், பாதி ஊர், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீராசாமி. கோதண்டராமன் வாயைத் திறந்தார், மூடினார். பேச்சு வராத கோதண்டராமனை அன்றுதான் பார்த்தேன். அப்படியே வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"பஸ்ஸு போய்ச் சேர்றதுக்குள்ள ரயிலு எடுத்துட்டிருக்கான் பாயம்மா. இந்த வீராசாமி கண்ணால பாத்துட்டு, பயந்துகினு இத்தினி நாளு வாயத் தொறக்கல. ஒங்க வூட்டுக்காரரு அங்கயும் போய்ச் சேரல, இங்கயும் வரல. அந்த இருட்டுல, தண்டவாளத்துல..." மேலே சொல்ல முடியாமல் மார்பில் அடித்துக்கொண்டார். "எம் பேச்சுதாம்மா அவன முழுங்கிடுச்சி! இந்த நாக்க அறுத்துப் போடணும்!"

மெஹபூப் பீ அக்கா "வயித்துல புள்ளைய வெச்சிகினு நிக்கிறாளே" என்று ஓலம் வைத்தாள். தெருவே அழுதது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வாய் திறக்கவில்லை. எந்த மனிதர் மனசு நோகக் கூடாது என்று என் வீட்டுக்காரர் இருட்டில் கிடந்தாரோ, அதே மனிதர் என் வாசலில் மண்ணில் புரண்டுகொண்டிருந்தார்.

உள்ளே டயர் அறைத் தாழ்ப்பாள் திறந்தது. பூனை ஒரே தாவலில் ஓடியது. சவரம் செய்யாத முகமும் கன்னத்தில் டயர்க் கரியுமாக, பனியனோடு வந்து நின்றார்.

"அண்ணே, அழுவாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

கோதண்டராமன் எழுந்தார். முகத்தைத் தொட்டுப் பார்த்தார், தோளைத் தொட்டார், குனிந்து முழங்காலைத் தொட்டார். "காலு ரெண்டும் நல்லாயிருக்குதா?" என்றார். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஏன் ஒளிந்தாய் என்று கேட்கவே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. அக்காதான் என் பக்கம் திரும்பி, "அப்போ அந்தச் சோறு?" என்றாள். நான் அவள் பூனையைத் தேடுவது போல உள்ளே போய்விட்டேன்.

அப்போதுதான் தலைமை ஆசிரியருக்குத் தந்தியின் மிச்சம் நினைவுக்கு வந்தது. சத்தமாகப் படித்தார். அமீர் ஜான் வந்து சேரவில்லை, வலது ஓரம் ஆடுகிறவனுக்குக் கால் முறிந்துவிட்டது, வியாழக்கிழமை ஆட்டத்துக்காவது ஆளை உடனே அனுப்புங்கள் என்றிருந்தது.

இன்று ராத்திரி மெயிலைப் பிடித்தால் நாளைக்குக் கொல்லம். ஆறரை மணி பஸ் இருக்கிறது. நான் டயர் அறைக்கு ஓடி டிரங்குப் பெட்டியில் துணியை அடைத்தேன், பூட்ஸைத் திணித்தேன். அவர் முகம் கழுவிச் சட்டை மாட்டுவதற்குள் ஊர் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெட்டியை விட்டுவிட்டே போய்விட்டது.

பின்னாலேயே போனேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சைப் போட்டு அவரை மேலே ஏற்றியிருந்தார்கள். பூக்கடையில் இருந்த மாலை எல்லாம் வந்துவிட்டது. போனவன் பிழைத்து வந்தான் என்ற சந்தோஷம், ஜனங்கள் ரோட்டிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள். டிரைவரும் உட்கார்ந்தார். கோதண்டராமன் பெஞ்சில் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சந்தோஷமான நேரத்துல, ரெண்டே ரெண்டு வார்த்தை..."

என் வீட்டுக்காரர் மாலைக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தார். கண் பஸ்ஸைப் பார்த்தது, பேசுகிறவரைப் பார்த்தது. அதே கண், அதே பயம். தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். நாற்பத்தொன்று மறுபடி வரப் போகிறது என்று தெரிந்துவிட்டது.

எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ தெரியாது. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தேன். இந்தத் தடவை படுதா இல்லை, இருந்திருந்தாலும் கிழித்திருப்பேன். ஆண்களுக்கு நடுவே நடந்தேன். ஒவ்வொருவராக விலகினார்கள். பேச்சு நின்றது. பெஞ்சுக்குப் போய் அவர் காலடியில் பெட்டியை டங்கென்று வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். அவருக்காக நான் பேசிவிட்டால் ஆயுசுக்கும் நானே பேச வேண்டியிருக்கும்.

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"வேணாம்ணே" என்றார்.

கோதண்டராமனுக்குப் புரியவில்லை. "இன்னா வேணாம்?"

"பேச்சு வேணாம். மாலை வேணாம்." ஒவ்வொன்றாகக் கழற்றினார். "நேரமாவுது. நான் போவணும்."

கோதண்டராமன் முகம் சுருங்கியது. போச்சு, கிழவர் மனசு உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் வாயை மூடினார். பெஞ்சிலிருந்து குதித்தார்.

"டேய் வீராசாமி! எவனுக்கோசரம்டா நிக்கிற? எட்றா வண்டிய!"

பஸ் நேரத்துக்கு முன்பே கிளம்பியது. திண்டிவனம் போக வேண்டிய நாலு பேர் ரோட்டில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே விடுபட்டுப்போனார்கள்.

வியாழக்கிழமை அவர் ஆடினார். ஒரு கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தாராம். இருந்தும் மெட்ராஸ் தோற்றது. கோப்பை அந்த வருஷமும் வேறு ஊருக்குத்தான் போனது. ரயில்வேயிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. திரும்பி வந்து மறுநாளே பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார். ஆனால் அவர் வந்து இறங்கிய சாயங்காலத்தைச் சொல்லாமல் விடக் கூடாது.

பஸ் ஸ்டாண்டில் மேளமும் இல்லை, பெஞ்சும் இல்லை. கோதண்டராமன் மட்டும் நின்றாராம். பெட்டியை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கூடவே நடந்து வந்தார். கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டு நான் முன்வாசலில் நின்றேன். பெட்டியை இறக்கினார். போகவில்லை. உதடு துடித்தது. பாவம், எத்தனை நேரம்தான் அடக்குவார்?

"அமீரு. ரெண்டே ரெண்டு வார்த்தை சொல்லிக்கட்டுமா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சொல்லுங்கண்ணே" என்றார்.

கோதண்டராமன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லா ஆடினே" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

எண்ணிப் பார்த்தேன். இரண்டேதான்.